கத்திரி வெயில் ராத்திரியில் கண் அசர

ராத்திரி 9 மணிக்கு, வெளிக்காற்று ஓரளவு ஆறிய பிறகு, மொட்டைமாடித் தரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மே மாதம் என்றால், இறக்கி வைத்துக் கொஞ்ச நேரமான தோசைக்கல் மாதிரி இருக்கும். பகல் முழுக்க வாங்கிய வெயிலைத் தளம் இப்போதுதான் கீழே விட ஆரம்பித்திருக்கிறது. அதற்கு நேர் கீழே கட்டிலைப் போட்டு, சீலிங் ஃபேனை ஐந்தில் வைத்து, அந்தச் சூட்டையே இழுத்து நம் மேல் ஊற்றிக்கொண்டு, தூக்கம் வரவில்லை என்று புரண்டு புரண்டு படுக்கிறோம். தூக்கம் கெடக் கடன், கவலை, செல்போன் என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். மதுரையில் பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் நான் முதலில் சந்தேகப்படுவது தலைக்கு மேல் இருக்கிற கான்கிரீட்டைத்தான்.

தூக்கம் வர வேண்டுமானால் உடம்பு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு உள்சூடு மெல்ல இறங்கும். அது பெரும்பாலும் கை, கால் தோல் வழியாகத்தான் வெளியேறும். கண் சொக்கும் குழந்தையின் பாதம் வெதுவெதுவென்று இருப்பது அதனால்தான். வெளியே போக வேண்டிய சூட்டுக்கு வழியில்லாமல் அறையும் படுக்கையும் அனலடித்தால், எவ்வளவு அசதியாக இருந்தாலும் கொட்டக் கொட்ட முழித்திருக்க வேண்டியதுதான். இங்கே சொல்லப்போகிற வேலைகளில் முக்கால்வாசி அந்தச் சூட்டுக்கு வழிவிடுகிற வேலைகள்.

முதலில் மாடி. தண்ணீர் தெளிப்பது எல்லாரும் செய்வதுதான், ஆனால் நேரம் தப்பிப்போகிறது. 4 மணிக்கு ஊற்றினால் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும், மிச்ச வெயில் தளத்தை மறுபடி சூடேற்றிவிடும். 9 மணிக்கு ஊற்றினால் ஈரத்தின் மேல் பாயை விரிக்க வேண்டி வரும், பாய் பூஞ்சை பிடிக்கும். சூரியன் இறங்கியபின் 6.30 மணி வாக்கில் ஒரு தடவை, 7.30க்கு இன்னொரு தடவை, அதுதான் கணக்கு. பத்துக்குப் பத்து அடி இடத்துக்கு 15 லிட்டர் வாளியால் தடவைக்கு ஒன்று போதும். மொண்டு ஊற்றாமல் துடைப்பத்தால் தள்ளி மெல்லிசாகப் பரப்புங்கள். தேங்கி நிற்கிற தண்ணீரை விட ஆவியாகிப் போகிற தண்ணீர்தான் சூட்டைக் கொண்டுபோகும். முதல் தடவை ஊற்றியதும் ஒரு புழுக்கம் கிளம்பும். அப்போது மேலே நிற்காதீர்கள், இறங்கி வந்து இட்லிக்கு அடுப்பைப் பற்றவையுங்கள். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள தெருவில் ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீரும், துணி அலசிய கடைசித் தண்ணீரும் இதற்குப் போதும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது தண்ணீர் ஆவியாகாது, பாசிதான் பிடிக்கும்.

வெட்டிவேர்த் தட்டிக்கும் இதே நியாயம். சித்திரை, வைகாசியின் வறண்ட காற்றில் நனைத்துத் தொங்கவிட்டால் அறை ஜில்லென்று ஆகும். மழைக்காலத்தில் வாசனை மட்டும்தான் மிச்சம்.

மாடியில் படுக்க வசதி இல்லாதவர்கள் கீழே மூன்று காரியம் செய்யலாம். கட்டிலை மேற்குச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போடுங்கள். மத்தியான வெயில் முழுவதையும் வாங்குவது அந்தச் சுவர்தான், நடுராத்திரி வரை அனல் விடும். வடக்கே தலை வைக்கலாமா கூடாதா என்கிற வாதத்தை விட மேற்குச் சுவரில் தலை வைக்காமல் இருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. (வடக்கு வேண்டாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் வைக்காதீர்கள். உறுத்தலோடு படுத்தால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும்.) இரண்டாவது, மேற்கு ஜன்னலைப் பகலில் சாத்தி வைத்துப் பொழுது சாய்ந்த பிறகு திறப்பது. மூன்றாவது, வெளிக்காற்று உள்காற்றை விடக் குளிர்ந்ததும், மேஜை ஃபேனை ஜன்னலிலிருந்து ஓரடி உள்ளே வைத்து உள்பக்கமாக ஓடவிட்டு எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலையோ கதவையோ திறந்து வைப்பது. எதிர்ப்பக்கம் அடைத்திருந்தால் காற்று வந்த வழியிலேயே முட்டிக்கொண்டு நிற்கும், பலன் பாதிதான்.

அடுத்தது குளியல். வேர்க்கிற ராத்திரியில் பச்சைத் தண்ணீரை, இன்னும் சிலர் ஐஸ் போட்ட தண்ணீரை, தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள். அந்த நிமிஷம் சொர்க்கம்தான். ஆனால் அதிகக் குளிர்ச்சி பட்டதும் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்ளும், சூடு உள்ளேயே மாட்டிக்கொள்ளும், அரை மணியில் மறுபடி வேர்க்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் குழாய்கள் விரியும், குளித்து வந்த பிறகு உள்சூடு தோல் வழியாகக் கடகடவென்று இறங்கும். 40 முதல் 42.5 டிகிரித் தண்ணீரில், படுக்க ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு பத்து நிமிஷம் குளித்தவர்கள் சராசரியாகப் பத்து நிமிஷம் முன்னதாகத் தூங்கிப்போவதை ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அந்தச் சூடெல்லாம் குளிர்நாட்டுக் கணக்கு. இங்கே மே மாதத்தில் ஹீட்டரே வேண்டாம். மேல்தொட்டியிலிருந்து 5 மணிக்கு வரும் தண்ணீர் கையைச் சுடும். அதை வாளியில் பிடித்துக் குளியலறையில் வைத்தால் 8.30க்கு வெதுவெதுப்பாகியிருக்கும். 10 மணிக்குப் படுப்பவர் 8.30லிருந்து 9க்குள் குளிக்கலாம். துவட்டும்போது அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுங்கள், தோலில் மிச்சமிருக்கும் ஈரம் ஃபேன் காற்றில் தன் வேலையைப் பார்க்கும்.

ராத்திரிக் குளியல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கணுக்கால் மூழ்க ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் கால் வைத்தாலே பாதி பலன் கிடைக்கும். சர்க்கரை நோயாளிகள் தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்கக் கூடாது. பாதம் மரத்திருந்தால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். முழங்கையைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், இல்லை வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். பாதத்துக்கு நல்லெண்ணெய் தேய்ப்பதானால் இரண்டு காலுக்கும் சேர்த்து ஒரு டீஸ்பூன், கட்டைவிரலால் குதிகாலிலிருந்து விரல் பக்கமாக, காலுக்கு மூன்று நிமிஷம். தேய்த்த கையோடு பழைய துணியால் துடைத்துவிட வேண்டும். டைல்ஸ் தரையில் எண்ணெய்க் காலோடு நடந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டால் அப்புறம் தூக்கம் ஏது?

இனி படுக்கை. கோடையில் கோரைப்பாயை மிஞ்ச ஒன்றுமில்லை. கோரைக்கும் கோரைக்கும் நடுவில் காற்று ஓடும், வேர்வை தேங்காது. ஆனால் வெறும் தரையில் பாயை மட்டும் விரித்தால் ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தோளும் இடுப்பும் வலிக்கும், அந்த வலி 2 மணிக்கு எழுப்பிவிடும். அடியில் மடித்த ஜமுக்காளம், அதன் மேல் பாய், பாயின் மேல் பழைய நூல் சேலை ஒன்று, அது போதும். சுங்குடிச் சேலையாக இருந்தால் உத்தமம். புதுச் சுங்குடி வேண்டாம், அதில் கஞ்சி இருக்கும், மொடமொடக்கும். கட்டிக் கட்டித் துவைத்து நூல் இளகிப் பஞ்சு மாதிரி ஆன சேலையைத்தான் எடுக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்த பெட்ஷீட் கசங்காது, பார்க்க அழகாக இருக்கும், ஆனால் முதுகு நனைந்துவிடும். கடையில் விற்பவர் 'காட்டன் மாதிரியேதான்' என்று சொன்னால் அது காட்டன் இல்லை.

தலையணைக்கு இலவம்பஞ்சு. போடி பக்கத்துப் பஞ்சுக்குப் பேர் உண்டு. பஞ்சு அடைத்து வாங்கும்போது மூடித் தைப்பதற்கு முன்னால் கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். நல்ல பஞ்சு இளமஞ்சள் சாயலில் மினுமினுப்பாக இருக்கும், இறுக்கிப் பிடித்துவிட்டால் உப்பி எழும். விரலில் மிளகு மாதிரிக் கறுப்பாக உருண்டை உருண்டையாகத் தட்டுப்பட்டால் கொட்டை சரியாக எடுக்கவில்லை என்று அர்த்தம். அது காதோரம் குத்தும், எடையும் ஏறும், அந்த எடைக்கும் நீங்கள்தான் காசு கொடுப்பீர்கள். வெள்ளை வெளேரென்று இருந்தால் பருத்திக் கழிவு கலந்திருக்கலாம், சீக்கிரம் கட்டி தட்டும். ஒரு தலையணைக்கு ஒரு கிலோவிலிருந்து ஒன்றேகால் கிலோ வரை பிடிக்கும். ஒன்றரைக்கு மேல் திணித்தால் கழுத்து வலி நிச்சயம். மல்லாந்து படுப்பவருக்குத் தலை அழுத்திய பிறகு மூன்று விரல் உயரம் நின்றால் போதும். ஒருக்களித்துப் படுப்பவருக்குக் காதுக்கும் தோள் நுனிக்கும் இடையில் இருக்கும் தூரம்தான் அளவு.

இலவம்பஞ்சின் இழை உள்ளே குழல் மாதிரி வெறுமை, மேலே மெழுகுப் பூச்சு. அதனால் ஈரத்தைக் குடிக்காது. அதே காரணத்தால் முறுகி ஒடிந்து தூளாகவும் செய்யும். தண்ணீரில் நனைக்கக் கூடாது. மாதம் ஒரு முறை, காலை வெயிலில் இரண்டு மணி நேரம் வைத்துப் புரட்டி, குச்சியால் மெதுவாகத் தட்டி எடுத்தால் மறுபடி உப்பும். உறைத்துணி நெருக்கமாக நெய்ததாக இல்லாவிட்டால் தூள் வெளியே வந்து மூக்கை அரிக்கும். காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல் வந்தால் முதலில் தலையணையைச் சந்தேகப்படுங்கள்.

கொசு பற்றிச் சுருக்கமாக: சுருளைப் பற்றவைத்துக் கதவை அடைத்துக்கொண்டு படுப்பதை விட வலை கட்டுவது மேல். மாடியில் நாலு மூலைக்கு நாலு பிளாஸ்டிக் நாற்காலி, அவற்றில் செருகிய குச்சி, குச்சியில் வலையின் நாடா. கீழ் விளிம்பைப் பாய்க்கு அடியில் ஒரு சாண் உள்ளே செருக வேண்டும். வலையின் ஓரத்தில் முழங்கை ஒட்டிக்கொண்டிருந்தால் கொசு வெளியிலிருந்தே கடிக்கும், அதனால் ஒரு ஆளுக்கு நாலடி அகலமாவது வேண்டும். கொசுவால் வேகமான காற்றில் பறக்க முடியாது என்பதால் கால்மாட்டில் ஒரு ஃபேன் ஓடினாலே தொல்லை குறையும்.

சாப்பாடு. நம் ஊரில் ராத்திரி 11 மணிக்கும் தட்டிப் போட்ட பரோட்டாவும் சால்னாவும் கிடைக்கும், கறி தோசை கிடைக்கும், அதற்கு மேல் ஒரு ஜிகர்தண்டாவும் கிடைக்கும். அந்தச் சுகத்தைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அதைச் சாப்பிட்டுவிட்டுப் பன்னிரண்டு மணிக்குப் படுத்தால் நெஞ்செரிச்சல் வரும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். அப்படி ஆகிவிட்ட ராத்திரியில் இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள், இரைப்பையின் அமைப்பால் அமிலம் மேலே ஏறுவது குறையும். வழக்கமான நாளில் படுக்க மூன்று மணி நேரம் முன்பே இட்லியோ தோசையோ சாப்பிட்டு முடிப்பது நல்லது. நடுவில் பசித்தால் ஒரு சிறுமலை வாழைப்பழம் போதும்.

காபி, டீ 2 மணிக்கு மேல் வேண்டாம். குடித்த காபியின் சத்தில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். 6 மணி டீக்கடை டீ, 11 மணிக்கும் பாதி டீயாக உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நான் காபி குடிச்சாலும் தூங்கிருவேன்' என்பவர்கள் தூங்குகிறார்கள்தான். ஆழம் குறைந்த தூக்கம் அது, காலையில் எழும்போது தெரியும்.

பாலைப் பற்றி நிறைய கதை உண்டு. ஒரு டம்ளர் பாலில் இருக்கும் சத்து மட்டும் ஆளைத் தூக்கிப் போடும் அளவுக்கு இல்லை. தினம் அதே நேரம், அதே டம்ளர், அதே சூடு என்பதுதான் வேலை செய்கிறது. 150 மில்லி போதும், கூடினால் 2 மணிக்குப் பாத்ரூம் போக எழ வேண்டும். மஞ்சள் ஒரு சிட்டிகை, மிளகு இரண்டு தட்டிப் போடலாம். ஜாதிக்காய் போடுபவர்கள் கல்லில் பால் விட்டு மூன்று நாலு உரசல் உரசி அதை மட்டும் வழித்துக் கலக்க வேண்டும். தூக்கம் நன்றாக வரட்டும் என்று ஒரு ஸ்பூன் பொடியைக் கொட்டுவது ஆபத்து. ஒரு முழுக்காய் அளவு உள்ளே போனால் வாந்தி, படபடப்பு, மனக்குழப்பம் என்று ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரும். குழந்தைகளுக்கு ஜாதிக்காயும் கசகசாவும் கொடுத்துத் தூங்க வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், கசகசாவில் அபினியின் மிச்சம் ஒட்டியிருக்கலாம், பச்சைக் குழந்தையின் மூச்சையே அது மட்டுப்படுத்தும். அதற்குத் தூளியும் தாலாட்டும் இருக்கின்றன.

ஆட்டினால் தூங்குவது குழந்தை மட்டுமில்லை. நாலு வினாடிக்கு ஒரு ஆட்டம் என்ற கணக்கில் மெதுவாக ஆடும் கட்டிலில் பெரியவர்களும் சீக்கிரம் கண் அசந்ததை 2011இல் ஜெனீவாவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். எட்டடிச் சங்கிலியில் தொங்கும் நம் கூடத்து ஊஞ்சல் ஒரு தடவை போய் வர மூன்று வினாடிக்குக் கொஞ்சம் மேல் எடுக்கும், ஏறக்குறைய அதே தாளம். காலால் உந்தாமல், ஆட்டம் தானாக அடங்கும் வரை பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போய்ப் படுங்கள். கீச்சென்று சத்தம் போடும் கொக்கிக்குத் தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு.

இத்தனையும் தினமும் செய்ய முடியுமா என்றால், வேண்டாம். நாலைந்தைப் பொறுக்கிக்கொள்ளுங்கள், ஆனால் வரிசையை மாற்றாதீர்கள். மீனாட்சியம்மன் கோயிலில் ராத்திரிப் பள்ளியறை பூஜையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சுவாமி சன்னதியிலிருந்து பாதங்கள் பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு வரும், மேளமும் நாயனமும் பாட்டும் கூட வரும், தீபாராதனை, பால் நைவேத்தியம், பிறகு பள்ளியறைக் கதவு சாத்துவார்கள். நேற்று நடந்த வரிசைதான் இன்றைக்கும். தூங்கா நகரம் என்று பேரெடுத்த ஊரில் சாமிக்கே இவ்வளவு ஏற்பாடு! குளியல், பால், டியூப்லைட்டை அணைத்து மஞ்சள் ஜீரோ வாட் பல்பு, போனைக் கூடத்தில் சார்ஜில் போடுவது, பாய் விரிப்பது என்று ஒரே வரிசையில் பத்து நாள் செய்து பாருங்கள். பாயை உதறும் சத்தம் கேட்டதுமே கொட்டாவி வர ஆரம்பிக்கும்.

படுத்த பிறகும் மனசு ஓடினால் மூச்சுக்கு வருவோம். நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மூக்கு வழியாகவே விடுங்கள். கட்டைவிரலால் மற்ற நாலு விரல் கணுக்களைத் தொட்டு எண்ணினால் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு, இரண்டரைச் சுற்றுக்கு முப்பது மூச்சு, ஐந்து நிமிஷம். ரொம்பப் பேர் செய்யும் தப்பு, நெஞ்சு விரிய இழுப்பது. தலை சுற்றும். இழுப்பது சாதாரணமாக இருக்கட்டும், விடுவதுதான் நீள வேண்டும். தசைகளை இறுக்கித் தளர்த்தும் முறையை எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் கொண்டுவந்தார். பாதத்திலிருந்து மேலே ஒவ்வொரு பகுதியாக ஐந்து வினாடி இறுக்கம், பதினைந்து வினாடி தளர்ச்சி. வயதானவர்கள் காலை இறுக்கும்போது விரல்களைக் கீழே நீட்டாமல் தங்கள் பக்கமாக மடக்க வேண்டும், இல்லையென்றால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

இருபது நிமிஷம் போல் ஆகியும் வரவில்லையா, எழுந்துவிடுங்கள். கடிகாரம் பார்க்காமல் குத்துமதிப்பாகத்தான். விழித்துக்கொண்டே கிடந்தால் படுக்கை என்பது விழித்திருக்கும் இடம் என்று மூளை படித்துக்கொள்ளும். ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972இல் எழுதிய யோசனை இது, இன்றைக்கும் மருத்துவர்கள் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து நாளைக்குச் சமைக்கிற கீரையை ஆயலாம், அவரைக்காய் நார் உரிக்கலாம். நாளைய வேலைகள் தலையில் சுற்றினால் ஒரு தாளில் எழுதி வைத்துவிடலாம். கண் செருகியதும் பாய்க்குத் திரும்புங்கள். வாரத்தில் மூன்று நாளாவது, மூன்று மாதமாக இப்படி இருந்தாலோ, குறட்டையின் நடுவில் மூச்சு நின்று திணறினாலோ, டாக்டரைப் பாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் அலர்ஜி மாத்திரை தூக்க மாத்திரை ஆகாது.

மல்லிகைக்கு வருவோம். காலையில் பறித்த மொட்டு, பொழுது சாய்ந்து மலர ஆரம்பித்து ராத்திரிதான் முழு வாசனை விடும். அரை முழம் போதும், ஜன்னல் கம்பியில், தலையிலிருந்து மூன்று நாலு அடி தள்ளி. தலையணைக்கடியில் வைத்தால் நசுங்கிக் கறை படும், சிலருக்குத் தலைவலியும் வரும்.

விடிகாலை 3, 4 மணிக்கு உடம்புச் சூடு ஆகக் குறைவாக இருக்கும். மாடியில் காற்றும் குளிர்ந்திருக்கும். அப்போது முழிப்பு வருவது பெரும்பாலும் குளிரால்தான், அதனால் கால்மாட்டில் ஒரு மெல்லிய போர்வை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கீழே படுத்திருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் கரண்ட் போகலாம். பனையோலை விசிறியைத் தலையணையின் வலது பக்கம் தினமும் ஒரே இடத்தில் வையுங்கள், சொம்புத் தண்ணீரை அதன் பக்கத்தில். நாலு சொட்டுத் தெளித்துக்கொண்டால் ஓலை ஒடியாது, காற்றும் ஜில்லென்று வரும். விசிறி எங்கே என்று தேட எழுந்து போய்ப் போனை எடுத்து டார்ச் அடித்தீர்களானால் அதில் வாட்ஸ்அப் வந்திருக்கும்.